கால்கரியில் காய்ந்துபோன பாப்பிச் செடி

குடியாத்தத்திலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். கத்திரி வெயிலுக்கு முன்னால் கிளம்பி, கனடாவில் கால்கரி நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். பக்கத்து வீட்டு அம்மா ஒரு தொட்டியில் ஓரியண்டல் பாப்பிச் செடி கொடுத்தாராம். தோட்டத்தில் வைத்தார்கள், ஜூன் கடைசியில் கையகலத்துக்குச் செக்கச்செவேல் என்று மூன்று பூ. ஜூலையில் இலையெல்லாம் பழுத்துச் சுருண்டது. அக்கா தினமும் தண்ணீர் ஊற்றினார், எரு போட்டார், கடைசியில் தோண்டியே பார்த்துவிட்டார். வேர் ஒடிந்து போயிற்று. மனசு கேட்காமல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு ஊர் திரும்பினார். இப்போது மகள் போனில் சொல்கிறாளாம், அதே இடத்தில் இரண்டு மூன்று சின்ன இலைக்கொத்து வந்திருக்கிறது என்று. அது என்ன, இனி என்ன செய்ய வேண்டும், அந்தச் செடியை நம் ஊரிலோ ஏலகிரியிலோ வளர்க்க முடியுமா. இதுதான் கேள்வி.

அக்கா, நீங்கள் எதையும் கொல்லவில்லை. ஜூலையில் அந்தச் செடி தூங்கப் போயிற்று. வருஷா வருஷம் அப்படித்தான் போகும். நீங்கள் தோண்டியபோது ஒடிந்த வேர்த்துண்டுகள்தான் இப்போது தனித்தனியாகத் துளிர்த்திருக்கின்றன.

நான் காட்பாடியில் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். மகன் கால்கரியில் இருப்பதால் எட்டு கோடைகாலம் அங்கே மண்ணைக் கிளறியிருக்கிறேன். அதனால் உங்கள் பதற்றம் எனக்கு நன்றாகவே புரிகிறது. பூத்த செடி ஒரு மாதத்தில் வைக்கோலாகிப் போனால் வேலூர்க்காரர்களுக்குத் தோன்றுவது ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர் போதவில்லை.

இந்தச் செடியின் சொந்த ஊரைத் தெரிந்துகொண்டால் எல்லாம் விளங்கிவிடும். துருக்கியின் வடகிழக்கு மலைப்பகுதி, காகசஸ், ஈரானின் வடபகுதி. 1700களின் தொடக்கத்தில் பிரான்சிலிருந்து துர்ன்ஃபோர் என்ற தாவரவியலாளர் அந்தப் பக்கம் பயணம் போய், எர்சுரம் ஊரை ஒட்டிய மலைகளில் இதைப் பார்த்து விதை எடுத்துக்கொண்டு பாரிஸ் திரும்பினார். அங்கிருந்துதான் ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் போயிற்று. எர்சுரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் பனி. வசந்தத்தில் பனி உருகும் தண்ணீர். அப்புறம் காய்ந்த கோடை. அந்த மலையில் பிறந்த செடிக்குக் கிடைப்பது பனி உருகியதிலிருந்து மண் காய்கிறவரை இருக்கும் சில வாரங்கள்தான். அதற்குள் இலை விட்டு, பூத்து, விதை கட்டி முடித்துவிட வேண்டும். முடித்ததும் மேலே உள்ளதையெல்லாம் உதிர்த்துவிட்டு, சேர்த்த சத்தை வேரில் வைத்துக்கொண்டு கிடக்கும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் இரவு குளிர ஆரம்பித்ததும் கைப்பிடி அளவுக்கு இலை விடும். அந்த இலையோடு பனிக்குள் போகும்.

சேனைக்கிழங்கு போடுகிறவர்களுக்கு இது புதிதில்லை. தை பிறந்ததும் குடை மாதிரி நின்ற இலை மஞ்சளாகித் தண்டு சாயும். செடி செத்துவிட்டது என்று யாராவது தண்ணீர் ஊற்றுகிறோமா? கிழங்கு முற்றிவிட்டது என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போகிறோம். வேலியில் ஏறும் செங்காந்தளும் அப்படித்தான். கார்த்திகை கழிந்ததும் கொடி வாடிக் காணாமல் போகும், மறுபடி மழை விழுந்ததும் அதே இடத்தில் முளை காட்டும். நம் செடிகள் மழைக்காகக் காத்திருக்கின்றன, பாப்பி குளிருக்காகக் காத்திருக்கிறது.

ஆகவே ஜூலை, ஆகஸ்டில் அதற்குத் தண்ணீர் வேண்டாம். எருவும் வேண்டாம், சுற்றிக் கொத்திவிடவும் வேண்டாம். நம் ஊரில் ஒரு செடியை அக்கறையாகப் பார்த்துக்கொள்வது என்றால் என்னென்ன செய்வோமோ, அதெல்லாம் இந்த இரண்டு மாதம் அதற்கு ஆகாது. முக்கியமாகத் தண்ணீர். கால்கரியில் புல்தரைக்குச் சுற்றிச் சுற்றித் தண்ணீர் அடிக்கும் ஸ்பிரிங்ளர் வைத்திருப்பார்கள். தூங்குகிற வேர் மேல் அது தினமும் விழுந்தால் அழுகல்தான். மகள் வீட்டில் அந்த மூலைக்குத் தண்ணீர் எட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நான் இதைத் தெரிந்துகொண்ட விதம் எனக்கு இன்னும் வலிக்கிறது. முதல் வருஷம் ஒரு நல்ல செடியாக வாங்கி, கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். ஈரம் இருக்கும், செழிப்பாக வரும் என்று நம்பினேன். அடுத்த மே மாதம் போய்ப் பார்த்தபோது அங்கே ஒன்றுமில்லை. தோண்டினேன். கேரட் மாதிரி கெட்டியாக இருந்த வேர், கறுத்த தோலுக்குள் கூழாகிக் கிடந்தது. விரலால் அழுத்தினால் பொதபொதவென்று போயிற்று, தேங்கிய சாக்கடை நாற்றம். அந்த வருஷம் மைனஸ் 30 வரை குளிர் போயிருந்தது. குளிரில் செத்துவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் நாலு வீடு தள்ளி, ஒரு வயதான அம்மாவின் முன்வாசலில், சரளைக் கல் கலந்த மேட்டுப் பாத்தியில், அதே குளிரைத் தாங்கி ஏழெட்டுப் பாப்பித் தூறு கொழுகொழுவென்று நின்றது. குளிர் என் செடியைக் கொல்லவில்லை. குளிர்காலத்திலும் வசந்தத்திலும் அதன் காலடியில் தேங்கிய தண்ணீர் கொன்றது.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் குளிர் நாட்டுக்குப் புதிதாகப் போகும் நம்மவர்கள் எல்லாருக்கும் பயம் குளிர் மேல்தான். செடி வாங்கும்போது தொட்டியில் செருகியிருக்கும் அட்டையில் மண்டலம் 3 என்று போட்டிருந்தால், மைனஸ் 40 டிகிரி வரை தாங்கும் என்று பொருள். கால்கரிக்கு அது தாராளம். ஓரியண்டல் பாப்பிக்குக் குளிர் ஒரு தேவை. குளிர்காலம் சரியாகக் கிடைக்காவிட்டால் அது பூக்க மறுக்கும். நீங்கள் கவலைப்பட வேண்டியவை வேறு. ஒன்று, வடியாத களிமண். கால்கரியில் பல வீடுகளில் மேல்மண் ஒரு சாண்தான், கீழே பசைக் களி. அதனால் பாத்தியை ஓர் அடியாவது உயர்த்தி, மக்கிய குப்பையும் சின்னச் சரளையும் கலந்து போட்டால்தான் நல்லது. இரண்டாவது, சினூக்.

சினூக் என்பது ராக்கி மலைத்தொடரைத் தாண்டி இறங்கும் வெப்பக்காற்று. ஜனவரி மாதம், வெளியே மைனஸ் 20. மேற்கே வானத்தில் வளைவாக ஒரு மேகக்கோடு தெரியும். சில மணி நேரத்தில் வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தாண்டிவிடும், கூரையெல்லாம் சொட்டும், தரையில் பனி கரைந்து மண் தெரியும். ஊர்க்காரர்களுக்குக் கொண்டாட்டம். வேருக்கு அது சோதனை. மண் இளகி, மறுபடி உறைந்து, மறுபடி இளகும்போது உப்பிக்கொண்டு வேரை மேலே தள்ளிவிடும். பனி போர்த்தியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. பனி நல்ல போர்வை, அதற்குக் கீழே மண் ஒரே சீராக இருக்கும். சினூக் அந்தப் போர்வையை உருவிக்கொண்டு போய்விடுகிறது.

அதனால் மகள் செய்ய வேண்டியது இது. இப்போது வந்திருக்கும் இலைக்கொத்தை அப்படியே விட்டுவிடட்டும். இலை நீண்டு, விளிம்பெல்லாம் பல் பல்லாகக் கிழிந்து, வெள்ளரி இலை மாதிரி சுணையோடு இருக்கும். காலையில் உறைபனி அந்தச் சுணைமேல் உப்புத் தூவினது போல் நிற்கும். பார்த்தால் அன்றைக்கே கருகிவிடும் போலிருக்கும், ஆனால் வெயில் வந்ததும் ஒன்றும் ஆகாதது போல் நிமிர்ந்துகொள்ளும். நவம்பரில் தரை நன்றாக உறைந்து கெட்டியான பிறகு, அதற்கு முன்னால் வேண்டாம், மேலே கொஞ்சம் வைக்கோலோ, கிறிஸ்துமஸ் முடிந்து தெருவில் போடும் மரங்களின் கிளையோ பரப்பலாம். உறைந்த மண் உறைந்தபடியே இருக்கட்டும் என்பதுதான் இதன் நோக்கம். உதிர்ந்த மரத்து இலைகளை வாரிக் கொட்ட வேண்டாம், அது ஈரத்தில் அப்பளம் அப்பளமாக ஒட்டிக்கொண்டு குருத்தை அழுகடிக்கும். ஏப்ரலில் மேலே போட்டதை எடுத்துவிட்டால் போதும். இந்த முதல் குளிர்காலத்துக்குத்தான் இவ்வளவும். வேர் ஆழம் போய்விட்டால் அடுத்த வருஷங்களில் யாரும் கவனிக்காமலே பிழைத்துக்கொள்ளும்.

ஒடிந்த வேரிலிருந்து வந்த அந்த இரண்டு மூன்று கொத்துகளுக்கு வருகிறேன். தெரியாமல் நீங்கள் செய்ததைத்தான் நாற்றங்கால்காரர்கள் தெரிந்தே செய்கிறார்கள். செடி தூங்கும்போது பென்சில் தடிமன் வேரை இரண்டு மூன்று அங்குலத் துண்டுகளாக வெட்டி, மேல்நுனி மேலேயே இருக்கும்படி மணல் கலந்த மண்ணில் நட்டு வைப்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு செடியாகும், தாய்ச்செடியின் அதே நிறத்தில் பூக்கும். விதை அப்படி நிறத்தைக் காப்பாற்றாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஓரியண்டல் பாப்பி என்றாலே சிவப்பும் ஆரஞ்சும்தான். இங்கிலாந்தில் ஆமோஸ் பெர்ரி என்ற நாற்றங்கால்காரர் விதை நாற்றுகளுக்கு நடுவில் இளஞ்சிவப்பைக் கண்டெடுத்துத் தனியாகப் பெருக்கினார். அப்புறம் வெள்ளையும் அவர் மூலம்தான் வந்தது. அவர் பெயரில் பெர்ரிஸ் ஒயிட் என்ற வெள்ளை ரகம் இன்றைக்கும் விற்கிறார்கள். அப்படி ஒரு செடியை அதன் நிறம் மாறாமல் நூறு வருஷம் கொண்டுவந்தது வேர்த்துண்டும் தூறு பிரிப்பதும்தான்.

அந்தக் கொத்துகள் நெருக்கமாக இருந்தாலும் இப்போது பிரிக்க வேண்டாம். இந்தச் செடிக்கு ஆணிவேர் ஆழமாகப் போகும், நாற்றைப் பிடுங்கி நடுவதுபோல் இடம் மாற்றினால் முகம் சுளிக்கும். அடுத்த ஆகஸ்டில், பழைய இலை முழுக்கக் காய்ந்து புது இலை இன்னும் வராத அந்த இடைவெளியில், ஒரு முழ ஆழத்துக்குத் தோண்டி எடுத்து இரண்டடி இடைவெளியில் வைக்கலாம். வேரின் தலை மண்ணுக்குக் கீழே மூன்று அங்குலம் இருக்க வேண்டும். மேலோட்டமாக வைத்தால் சினூக் மாதிரியான இளக்கத்தில் வெளியே வந்துவிடும். வெயில் குறைந்தது ஆறு மணி நேரம். எரு விஷயத்தில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். தழைச்சத்து ஏறினால் இலை காடாகும், பூ வராது, தண்டு காற்றில் சாயும். அடுத்த ஜூனில் இந்தக் கொத்துகள் பூக்காமல் போகலாம். ஒடிந்த வேர் தேறி வரவே ஒரு வருஷம் ஆகும். அதற்கு அடுத்த வருஷம் நிச்சயம் பார்ப்பீர்கள்.

அப்போது ஒரு நாள் காலையில் சீக்கிரம் எழுந்து மொட்டுக்கு முன்னால் உட்காருங்கள். தலை கவிழ்ந்திருந்த மொட்டு, புறா முட்டை அளவு, உடம்பெல்லாம் முள்முள்ளாக மயிரோடு, பூக்கும் முன்னால் நிமிரும். பச்சை ஓடு நடுவில் விரிசல் விட்டு உள்ளே சிவப்புக் கோடு தெரியும். வெயில் பட்டதும் இரண்டு ஓடும் கழன்று கீழே விழும். உள்ளே இதழ்கள் கசங்கிச் சுருண்டு, பிழிந்துபோட்ட பட்டுத்துணி மாதிரி இருக்கும். கண்முன்னாலேயே அந்தச் சுருக்கம் பிரிந்து விரியும். ஒவ்வோர் இதழின் அடியிலும் கறுப்புத் திட்டு, நடுவில் கரு ஊதா மகரந்தக் கூட்டம், அதற்குள் வெல்வெட் சக்கரம் போல் சூல்முடி. மூன்று நாலு நாளில் இதழ் உதிர்ந்துவிடும். ஜூன், ஜூலையில் கால்கரியில் ஆலங்கட்டி மழை வேறு வரும், ஒரு பத்து நிமிஷத்தில் எல்லாம் போய்விடும். எனக்கு அப்படி ஒரு வருஷம் போயிருக்கிறது. ஆனாலும் இதற்காகவே டிக்கெட் போட்டுப் போகலாம் என்பேன்.

பூ முடிந்து செடி மறைந்ததும் தோட்டத்தில் ஒரு வழுக்கை விழும். அது பலருக்குப் பிடிப்பதில்லை. பாப்பிக்கு முன்னால் டே லில்லியோ ஜிப்சோபிலாவோ வைத்தால் ஜூலையில் அவை பரந்து இடத்தை மூடிக்கொள்ளும். பொக்கேயில் வெள்ளையாகப் பொடிப்பூ வைப்பார்களே, அதுதான் ஜிப்சோபிலா. முயலும் மானும் பாப்பியைப் பெரும்பாலும் கடிப்பதில்லை, அந்த ஊரில் அது பெரிய நிம்மதி.

மகளுக்கு இன்னும் சுலபமாக ஒன்று வேண்டுமானால் ஐஸ்லாந்து பாப்பி விதை வாங்கச் சொல்லுங்கள். பெயர்தான் ஐஸ்லாந்து, பிறந்தது சைபீரியா, மங்கோலியா பக்கம். மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை நிறத்தில் முழ உயரத்தில் பூக்கும். இரண்டு மூன்று வருஷம்தான் ஆயுசு, ஆனால் விதை கொட்டித் தானாகவே முளைத்துக்கொண்டிருக்கும். பாப்பி விதை எதுவானாலும் மண்ணுக்குள் புதைக்கக்கூடாது. தூசி மாதிரி விதை, முளைக்க வெளிச்சம் வேண்டும். மேலே தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் சரி. நீலப் பாப்பி படம் பார்த்து ஆசைப்பட்டால், அது இமயமலைச் செடி, நிழலும் ஈரக்காற்றும் கேட்கும். கால்கரியின் காய்ந்த காற்றில் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், முதல் வருஷத்திலேயே வேண்டாம்.

இனி நம் ஊர். ஓரியண்டல் பாப்பி வேலூரிலோ குடியாத்தத்திலோ வராது அக்கா. மார்கழி இரவிலும் நமக்கு 17, 18 டிகிரிக்குக் கீழே அதிகம் போவதில்லை. அந்தச் செடி கேட்கிற குளிர்காலம் நம்மிடம் இல்லை. ஏலகிரி ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம், கால்கரியும் கிட்டத்தட்ட 1,050 மீட்டர்தான். உயரம் ஒன்றாக இருந்தால் செடியும் வரும் என்று நீங்கள் நினைத்திருந்தால் அது நியாயமான கணக்குதான், நானும் போட்டுப் பார்த்தது. ஆனால் கால்கரி 51ஆவது அட்சரேகையில் இருக்கிறது, ஏலகிரி 13ஐக்கூடத் தொடவில்லை. ஏலகிரியில் தரை உறைவதில்லை. ஜூனில் கால்கரியில் பதினாறு மணி நேரத்துக்கு மேல் பகல், நமக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. ஜவ்வாது மலைக்கும் இதே பதில்தான்.

விதையைப் பையில் போட்டுக்கொண்டு வரலாமா என்று கேட்டால், முறைப்படி இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் வேண்டும், சும்மா கொண்டுவரக்கூடாது. சமையலறைக் கசகசாவைத் தூவிப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். அது அபினிச் செடி, 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டப்படி உரிமம் இல்லாமல் வளர்ப்பது குற்றம். உரிமம் கொடுப்பது மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் குறிப்பிட்ட பகுதிகளுக்கு மட்டும். அதே மாதிரி மகள் வீட்டு ஓரியண்டல் பாப்பியின் விதையைக் குருமாவுக்கு அரைக்கவும் கூடாது. அது வேறு இனம், சாப்பிடுவதற்கில்லை.

பாப்பிக் குடும்பத்து முகம் ஒன்றை ஊரிலேயே பார்க்க வேண்டும் என்றால் பாலாற்றங்கரையில் நடந்து பாருங்கள். பிரம்மதண்டு. மெக்சிகோவிலிருந்து வந்து நம் தரிசெல்லாம் பரவிவிட்ட முள்செடி. யாரும் மதிப்பதில்லை, ஆனால் அந்த மஞ்சள் பூ மொட்டவிழ்வதை நின்று பார்த்தால் தெரியும்: அதே கசங்கிய இதழ். தண்டை ஒடித்தால் மஞ்சள் பால் வரும். வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், அதன் விதை விஷம். கடுகோடு கலந்துவிட்டால் எண்ணெய் ஆளையே சாய்க்கும்.

வீட்டில் வைக்க, தூங்கி எழுகிற செடிதான் வேண்டும் என்றால், வரும் வைகாசிக்குள் ஒரு செங்காந்தள் கிழங்கு வாங்கி வேலியோரம் நட்டுவிடுங்கள். ஏர்க்கலப்பை மாதிரி வளைந்த கிழங்கு, முளை நுனியில்தான் இருக்கும், அதை ஒடிக்காமல் படுக்கப்போட்டு மூன்று நாலு அங்குல மண் மூடினால் போதும். கிழங்கு கடும் விஷம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தொட்ட கையைக் கழுவுங்கள். புரட்டாசி, ஐப்பசியில் கொடி முழுக்க நெருப்பு மாதிரி பூக்கும்.

மகளிடம் இன்று போன் பேசும்போது ஒன்று மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். அந்த இலைக்கொத்துகளைச் சுற்றி இரண்டு மூன்று குச்சி ஊன்றி வைக்கட்டும். அடுத்த ஜூலையில் மேலே ஒன்றும் இருக்காது, காலி இடம் என்று மாப்பிள்ளை அங்கே வேறு ஏதாவது நடத் தோண்டிவிடுவார். நவம்பர் வந்தால் தரை இறுகிக் குச்சி இறங்காது, அதனால் இந்த வாரமே ஊன்றச் சொல்லுங்கள்.